‘ஆள் இல்லாட்டி?’ என்று ஒரு கட்டம்

உன் மடிக்கணினிப் பையின் ஓர அறையில் இன்னும் கரித்தூள் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன்பு சார்ஜரைத் தேடிக் கைவிட்டபோது விரல் நுனிகள் கறுத்து வெளியே வந்தன. முகர்ந்து பார்த்தேன். மூட்டம் போட்டு எடுத்த கருவேலங்கரியின் வாசனை. கொஞ்சம் புகை, கொஞ்சம் ஈர மண். லாரிகளை எடைபோடும் நம் மென்பொருளைச் சோதிக்க, திருச்சுழி ரோட்டு எடைமேடைத் தகரக் கொட்டகையில் நாம் உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொரு லாரியும் வந்து நின்றதும் உள்ளே நுழையும் வாசனை. கையைக் கழுவாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். பிறகு சார்ஜரைச் சொருகி உன் கணினியைத் திறந்தேன். உன் அம்மா அதை என்னிடம் கொடுத்து நான்கு மாதம் ஆகிறது. அதுவரை திறக்கவில்லை.

கடவுச்சொல்லைத் தேட வேண்டியிருக்கவில்லை. நீ அதைத் தட்டும்போதெல்லாம் வாய்விட்டுச் சொல்வாய். அலுவலகம் முழுக்கத் தெரியும். கணினி திறக்கத் தாமதமானால் “ஏலே, எந்திரிலே” என்று அதையும் திட்டுவாய். நான் திட்டவில்லை. காத்திருந்தேன்.

திறக்க ஒரு காரணம் வந்திருந்தது. அன்று காலை அண்ணாச்சி என் மேசைக்கு வந்தார். கீழே இரும்புக் கடை, மாடியில் மென்பொருள் கம்பெனி என்று இரண்டையும் ஒரே குரலில் நடத்துகிறவர் அவர், உனக்குத் தெரியாததல்ல.

“ஏம்மா, புதுசா ரெண்டு பேரு வந்துட்டாங்க. அவுக பக்கு, அதான் அந்தத் தப்புக் கணக்கு, எழுதுறது ஒரு எடம், நீ எழுதுறது ஒரு எடம்னு கெடக்கு. ஒரே சாமானா எடுத்து வைங்க. ஓப்பன் சோர்ஸ்லயே மூணைப் பாத்து, எது நல்லது எது கெட்டதுன்னு எழுதிக் குடு. திங்கக்கெழமை முடிவு பண்ணிருவோம்.”

“சரி அண்ணாச்சி.”

போனவர் திரும்பி வந்தார். உன் நாற்காலியைப் பார்த்தார். “எதுக்கு மூணைப் பாக்கணும்? அந்தப் புள்ள செஞ்சது இருக்குல்ல. அதையே வச்சுக்கிருவோம்.”

“அதையும் சேத்துத்தான் பாக்கப் போறேன்.”

“அதுல பாக்குறதுக்கு என்ன இருக்கு?”

“இருக்கு அண்ணாச்சி” என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவருக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கியிருக்கும்.

*

நாம் சேர்ந்து செய்த முதல் ஒப்பீடு நினைவிருக்கிறதா? செய்தது நான். சிரித்தது நீ.

அப்போது நமக்கு இணையத்தில் இயங்கும் பக் பட்டியல்தான். எடைமேடைக்குப் போனால் அது திறக்காது. நரிக்குடிப் பக்கம் கேட்கவே வேண்டாம். தப்பு எதுவும் கண்ணில் பட்டால் நீ எடைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி இடுப்பில் சொருகிக்கொள்வாய். பஸ்ஸில் ஏறி அருப்புக்கோட்டை வந்து சேர்வதற்குள் பாதிச் சீட்டு வியர்வையில் அழிந்திருக்கும். உன் அம்மா ஒருநாள் அந்தச் சீட்டுகளைத் துவைக்கும் துணியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“என்னடி இது, பக்கு பக்குன்னு எழுதி வச்சிருக்க?”

“மெசினு தப்பா எடை சொன்னா, இந்த லாரி, இந்தத் தப்புன்னு எழுதி வைக்கிறதும்மா. சரி பண்ணுனா அடிச்சுருவோம்.”

“இதுக்கு ஒரு நோட்டு பத்தாதா?”

“பத்தும். அந்த நோட்டைத்தான் ரெண்டு பேரும் தேடிக்கிட்டிருக்கோம்.”

அப்படித் தேடத்தான் நான் பட்டியல் போட்டேன். யாரும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய பன்னிரண்டு திறமூலக் கருவிகள், முப்பது நெடுவரிசைகள். எதில் என்ன வசதி உண்டு, எத்தனை பேர் விரும்பியிருக்கிறார்கள், எப்போது புதுப் பதிப்பு வந்தது என்று ஒரு வாரம் உட்கார்ந்து தேடி, பச்சையில் டிக் போட்டு நிரப்பியிருந்தேன். நிறையப் படிக்கிறவர்களுக்கு உள்ள வியாதி எனக்கும் இருந்தது. படித்துவிட்டாலே தெரிந்துவிட்டதாக நினைப்பது.

நீ திரையை மேலும் கீழும் உருட்டினாய். “இதுல எதையாவது ஒருநா வச்சுப் பொழங்கினியா?”

“இல்ல.”

“பெறகு எப்படி டிக்கு போட்ட?”

“அவுங்க பக்கத்துலயே எழுதியிருந்தாங்க.”

“அடிப்பாவி. மாப்ள வீட்டுக்காரன் குடுக்குற பேப்பரப் பாத்தே பொண்ணு குடுத்துருவ போலயே!”

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வாரத்து உழைப்பு. ஆனால் நீ அடுத்து சொன்னதைத்தான் இன்றுவரை வைத்து வேலை பார்க்கிறேன். நம் பக்கத்தில் சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் வீட்டில் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் அந்த ஊருக்குப் போவார். ஆடு வாங்க வந்தவர் மாதிரி டீக்கடையில் உட்கார்ந்து, பேச்சுவாக்கில் அந்தக் குடும்பத்தைப் பற்றி விசாரிப்பார். உன் அக்கா கல்யாணத்துக்கு உன் மாமா அப்படி மூன்று ஊர் டீக்கடையில் டீ குடித்தாராம். “ஒவ்வொரு கருவிக்கும் ஒரு டீக்கடை இருக்கு. புகார் எழுதுற பக்கம் இருக்குல்ல, அதுதான். அங்க போயி உக்காரு. அவுக தன்னப் பத்தி என்ன எழுதியிருக்காகன்னு படிக்காத. சண்டை வந்தா எப்படிப் பேசுறாகன்னு படி.”

படித்தோம். இரண்டு நாள் அதையே படித்தோம். ஒரு கருவியின் பக்கத்தில், ஆங்கிலம் சரியாக வராத யாரோ ஒருவர் தட்டுத் தடுமாறி ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். ‘கையேட்டைப் படி’ என்று ஒரே வரியில் பதில் சொல்லிக் கதவைச் சாத்தியிருந்தார்கள். என் பட்டியலில் அதற்குத்தான் அதிக டிக். இன்னொன்றில், அதே மாதிரிக் கேள்விக்குக் கருவியைப் பராமரிப்பவர் கையால் படம் வரைந்து விளக்கியிருந்தார். கேட்டவர் மறுபடியும் புரியவில்லை என்றதும் இன்னொரு படம் வரைந்திருந்தார்.

“இந்த வீட்டுல குடுக்கலாம்” என்றாய்.

அந்தப் படம் வரைகிறவரின் கருவிக்கு நீ வைத்த பெயர் ‘கைப்பெட்டி’. சின்னது, தேவையானது மட்டும் இருக்கும். அதிக டிக் வாங்கியதற்கு ‘பெரிய வீடு’. அதன் சொந்தப் பெயரே எனக்கு இப்போது சட்டென்று வருவதில்லை.

*

என் முப்பது நெடுவரிசைகளில் நீ மிச்சம் வைத்தது ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு நீயாக ஒவ்வொன்றாகச் சேர்த்தாய். புகார்ப் பக்கம் முதலில் வந்தது. ‘வெளிய வர முடியுமா?’ என்பது அடுத்து வந்தது.

எந்தக் கருவியையும் நிறுவிய அன்றைக்கே அதைவிட்டு வெளியேறிப் பார்க்க வேண்டும் என்பது உன் வழக்கம். பத்து பக்கை உள்ளே எழுதுவாய். உடனே அத்தனையையும் வெளியே எடுத்து, சாதாரண எழுத்துக் கோப்பாகத் திறந்து பார்ப்பாய். பெரிய வீடு அங்கேதான் மாட்டியது. தமிழில் எழுதிய பத்தும் வெளியே வந்தபோது வரிசையாகக் கேள்விக்குறிகள்.

“உள்ள போறப்ப தமிழு, வெளிய வாரப்ப முழிக்குது பாரு” என்று சொல்லி அதை அப்போதே நீக்கினாய். நான்கூடக் கேட்டேன், நாம் ஏன் வெளியேறப் போகிறோம், நன்றாக இருந்தால் அங்கேயே இருந்துவிடலாமே என்று. “இருக்குறதுக்குத்தான் பாக்குறது. கதவு தெறந்திருக்குன்னு தெரிஞ்சாத்தான் உள்ள நிம்மதியா உக்கார முடியும்” என்றாய்.

‘நெட்டு இல்லாட்டி?’ என்பதற்கு நீ அலுவலகத்தில் உட்கார்ந்து இணைப்பைத் துண்டித்துப் பார்ப்பதை ஒப்புக்கொள்ளவில்லை. எடைமேடைக்கே எடுத்துப்போக வேண்டும் என்றாய். அப்படிப் போன ஒரு பங்குனி மாதத்து நாளில்தான் அந்த அறுபத்தைந்து கிலோ வந்தது.

மேடையில் லாரி இல்லை. திரையில் அறுபத்தைந்து. கொஞ்ச நேரத்தில் நாற்பத்தைந்து. மறுபடி அறுபத்தைந்து. எடைமேடைக்காரர் நம்மைப் பார்த்தார். நாம் திரையைப் பார்த்தோம். ‘வண்டி இல்லாமலே எடை காட்டுது’ என்று நீ பக் எழுதினாய். நான் நிரலைத் திறந்து, எடையைப் படித்து வாங்கும் பகுதியை வரி வரியாகப் பார்த்தேன். நீ கம்பியைப் பிடுங்கி மாட்டினாய். ஒரு முழு முற்பகல் போனது. எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. தண்ணீர் குடிக்க வெளியே வந்த நீ, வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாய். குரலில் எதையும் காட்டவில்லை.

“ஏலே, இங்க வா. நம்ம பக்கு அசை போட்டுக்கிட்டுப் படுத்துருக்கு.”

மேடையின் அந்தக் கடைசியில், சுவர் நிழல் விழுகிற இடத்தில் மூன்று ஆடுகள். ஒன்று எழுந்து இறங்கினால் நாற்பத்தைந்து. திரும்பி வந்து படுத்தால் அறுபத்தைந்து. மெஷின் காலையிலிருந்து உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆட்டுக்காரக் குடும்பத்தில் பிறந்த நீயும், பாளையம்பட்டியில் கடைக்காரக் குடும்பத்தில் பிறந்த நானும், படித்த படிப்பை வைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். நீ அந்தப் பக்கை அழிக்கவில்லை. ‘சரி செய்யப்பட்டது: ஆடு ஓட்டப்பட்டது’ என்று எழுதி மூடினாய்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் ‘கட்டுச்சோறு’ என்ற உன் கருவி பிறந்தது. கைப்பெட்டி இணையம் இல்லாமல் பழைய பக்குகளைக் காட்டும். புதிதாக எழுத விடாது. மற்றதெல்லாம் திறக்கவே திறக்காது. “போற எடத்துல கெடைக்காதுன்னா வீட்டுலயே கட்டிக்கிட்டுப் போயிர வேண்டியதுதான்” என்றாய். பக் பட்டியலை நிரலோடு சேர்த்தே, அதே கோப்புறையில், வெறும் எழுத்துக் கோப்புகளாக வைப்பது. மடிக்கணினி போகும் இடமெல்லாம் பட்டியலும் போகும். ஊருக்குள் வந்து நெட் கிடைத்ததும் எல்லாருடையதும் ஒன்று சேர்ந்துகொள்ளும். நான்கு வாரத்தில் எழுதி முடித்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று உரிமக் குறிப்பும் போட்டு வெளியிட்டாய். முன்பின் தெரியாத சிலர் எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கியதும் உன் நடையே மாறியது. டீ வாங்க இறங்கினால்கூட இரண்டு படியாகத் தாவினாய்.

*

கடைசி நெடுவரிசை தாமதமாக வந்தது. நாம் வேறு ஒரு வேலைக்காகப் பயன்படுத்திய ஒரு கருவி, வேறு நாட்டில் ஒரே ஒரு மனிதர் பார்த்துக்கொண்டது, திடீரென்று ஓய்ந்துபோனது. புகார்ப் பக்கத்தில் கேள்விகள் மட்டும் சேர்ந்துகொண்டே போயின. பூட்டிய வீட்டு வாசலில் தபால் சேர்வது போல. நமக்கு ஒரு வாரத்து வேலை வீணானது. நான் எரிச்சல்பட்டேன். நீ அந்த மனிதருக்குக் கடிதம் எழுதினாய். நன்றாக இருக்கிறீர்களா என்று மட்டும். பதில் வரவில்லை.

“என்ன ஆச்சோ அவருக்கு” என்று இரண்டு மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தாய். பிறகு நம் தாளில் கடைசியாக ஒரு தலைப்பைச் சேர்த்தாய். ‘ஆள் இல்லாட்டி?’

அதற்குச் சில வாரம் கழித்து, திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் அருப்புக்கோட்டை பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். வெயில் இறங்கவில்லை. நீ வெள்ளரிப்பிஞ்சு வாங்கி வந்து பாதியை என்னிடம் நீட்டிவிட்டுச் சொன்னாய்.

“கட்டுச்சோத்தப் பாத்துக்க ரெண்டாவது ஆள் வேணும்லே. ஒன்னையப் போடவா?”

“என் பேரு நெட்டுல வேணாம்.”

“போட்டோவா கேட்டேன்? பேருதான.”

“பேருந்தான் வேணாங்குறேன்.”

“ரேசன் கார்டுல இருக்குல்ல ஒம்பேரு?”

“அதை ரேசன் கடைக்காரரு மட்டுந்தான் பாப்பாரு.”

நீ சிரித்துக்கொண்டே தோளால் என்னை இடித்தாய். பஸ் வந்தது. அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. நானும் அதை மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். கேட்காமல் விட்டாயே என்று நிம்மதியாக இருந்தேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. என்னைப் பற்றி மற்றவர்கள் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டால் போதும் என்று நினைக்கிறவள் நான். அந்த நினைப்பு இன்றும் மாறவில்லை.

ஐப்பசியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. “ரெண்டு நாள்ல வாரேன், அந்த மூணாவது பக்கை மட்டும் தொடாத, அது என்னோடது” என்று போனில் சொன்னாய். ஐந்தாம் நாள் நான் நரிக்குடிக்கு வந்தபோது உங்கள் தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். அந்த மூன்றாவது பக்கை நான் வெகுநாள் தொடவில்லை. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

*

ஆகவே, அன்றைக்கு உன் கணினியில் நம் ஒப்பீட்டுத் தாளைத் திறந்தேன். என்னிடம் இருந்தது பழைய பிரதி. உன்னிடம் இருந்ததில் நீ ஒரு வரிசை கூடுதலாகச் சேர்த்திருந்தாய். மற்ற கருவிகளுக்குக் கீழே, அதே கட்டங்களோடு, ‘கட்டுச்சோறு’. உன் சொந்தக் கருவியை நீயே டீக்கடையில் உட்கார்ந்து விசாரித்திருந்தாய்.

நெட்டு இல்லாட்டி? ‘ஓடும்.’

வெளிய வர முடியுமா? ‘முடியும். தமிழும் முழிக்கல.’

சண்டைக்கு எப்படி? ‘ஒருத்தர்ட்ட கோவப்பட்டுட்டேன். மன்னிப்புக் கேட்டாச்சு.’

ஆள் இல்லாட்டி? அந்தக் கட்டத்தில் இரண்டே சொல். ‘கேட்டேன். மாட்டேங்குறா.’

படித்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. உன் குரல் அப்படியே இருந்தது அதில். பிறகு எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். தெற்கே பாலிடெக்னிக் பக்கமாகக் காற்று கிளப்பிய புழுதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அலுவலகத்துக்கு எது நல்லது என்பதில் எனக்கு ஒரு நொடிகூடக் குழப்பம் வரவில்லை. நீ போட்ட கட்டம் அது. மற்றவர் கருவியை அந்தக் கட்டத்தால் தள்ளிவிட்டு உன்னுடையதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு விட்டால், அந்தத் தாளுக்கே அர்த்தமில்லை. புதிதாக வந்திருக்கும் இரண்டு பேரும் நாளைக்கு ஒரு சிக்கலில் மாட்டினால் யாரைக் கேட்பார்கள்? கைப்பெட்டியைப் பார்த்துக்கொள்ள இப்போது ஏழு பேர் இருக்கிறார்கள். போன வருடம் முதல் இணையம் இல்லாமலும் எழுத விடுகிறது. படம் வரைகிறவர் இன்னமும் வரைகிறார்.

திங்கட்கிழமை அண்ணாச்சியிடம் கைப்பெட்டிக்கே மாறிவிடலாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம், நாலு கட்டம், மூன்று வரிசை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். நம் கருவியின் வரிசைக்கு வந்ததும் நிறுத்தினார்.

“இதுல என்னமா, ‘யாரும் இல்லை’ன்னு போட்டிருக்க?”

“இல்லைல அண்ணாச்சி.”

“ஒனக்கு என்ன கல்லு மனசா? கூடவே இருந்தவதான நீ?”

“கூடவே இருந்ததுனாலதான் எழுதுறேன். இந்தக் கட்டத்தப் போட்டதே அவதான். அவளுக்குன்னு மட்டும் நான் மாத்தி எழுதுனா, அவளே வந்து என்னையச் சிரிப்பா.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். துடைக்கத் தேவையில்லாத அளவுக்குத் துடைத்தார்.

“அப்ப அந்தப் புள்ள செஞ்சது அப்படியே போயிருமா?”

“போகாது. ஆனா அது ஆபீசு வேலையில்ல. என் வேலை.”

“நீயா? ஒரு குரூப் போட்டோவுக்குக்கூட நிக்க மாட்டியேம்மா நீ.”

“போட்டோவுக்கு இப்பயும் நிக்க மாட்டேன் அண்ணாச்சி” என்றேன். அவர் சிரித்துவிட்டார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை கட்டுச்சோற்றிலிருந்து நம் பக்குகளை வெளியே எடுத்தேன். இத்தனை நாளும் நீ மற்றவர் கருவிகளுக்கு வைத்த பரீட்சையை உன்னுடையது எழுதியது. டீ ஆறுவதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. ஒரு வரி குறையவில்லை, ஓர் எழுத்து முழிக்கவில்லை. ‘ஆடு ஓட்டப்பட்டது’ உட்பட. ஒரு பொருளை விட்டுப் போகிறோம் என்று சொன்னதும் அது எந்த முரண்டும் பிடிக்காமல், எல்லாவற்றையும் மடித்துக் கையில் கொடுத்து அனுப்புவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்படி ஒன்றைச் செய்வதற்கு எவ்வளவு யோசித்திருக்க வேண்டும் என்பது, வெளியேறுகிறவளுக்குத்தான் தெரிகிறது.

*

இனி என் வேலை. கட்டுச்சோறு இருக்கும் உன் இணையக் கணக்குக்குள் என்னால் நுழைய முடியாது. நுழைய உன் போனுக்கு ஓர் எண் வர வேண்டும். அந்த சிம்மை உன் வீட்டில் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஆனால் நுழையத் தேவையே இல்லை என்பதுதான் விஷயம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், தொடரலாம் என்று நீ எழுதி வைத்திருக்கிறாய். அந்த உரிமக் குறிப்பை நான் எத்தனையோ கருவிகளில் தாண்டிப் போயிருக்கிறேன். உன்னுடையதில் முதல்முறையாக ஒவ்வொரு வரியாகப் படித்தேன். நான் மாட்டேன் என்று சொன்ன பஸ் ஸ்டாண்டுக்கு முன்பே, நீ எனக்கு அனுமதி கொடுத்துவிட்டிருந்தாய்.

இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை நரிக்குடிக்குப் போய் உன் அம்மாவிடம் சொன்னேன். வாசலில் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு நோட்டு தேடுறோம்னு சொன்னாளே, அது கெடச்சுச்சா?”

“கெடைக்கலம்மா. அவளே செஞ்சுட்டா. அதை நான் எடுத்துப் பாத்துக்கிறவான்னு ஒங்களக் கேக்கத்தான் வந்தேன்.”

“அவ என்ன சொல்லி வச்சிருக்கா?”

“யாரையும் கேக்க வேணாம், யாரு வேணாலும் எடுத்துக்கங்கன்னு எழுதி வச்சிருக்கா.”

அவர் குழையைக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார். “அப்படித்தான் எழுதியிருப்பா. இந்த ஆட்டையும் இப்படித்தான் கேக்காம அவுத்து விட்டுட்டு வந்து நிப்பா. சீண்ட்ரம் புடிச்சவ, சேட்டைக்காரி.” சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவ பேரை மட்டும் எடுத்துறாத தாயி” என்றார்.

எடுக்கவில்லை. புது இடத்தில் பிரதியை வைத்து, முகப்பில் மேலே உன் பெயரை எழுதினேன். இதை உருவாக்கியவர் இப்போது இல்லை என்று ஒரு வரி. கீழே, இனி பார்த்துக்கொள்பவர் என்று போட்டு என் முழுப் பெயரை எழுதினேன். படம் இல்லை, ஊர் இல்லை, வேறொன்றும் இல்லை. பெயர் மட்டும். நினைத்த அளவுக்குக் கூச்சமாக இருக்கவில்லை. ரேஷன் கார்டில் பார்ப்பது போலத்தான் இருந்தது.

உன் பழைய புகார்ப் பக்கத்தில் ஒருவர் தை மாதத்திலிருந்து காத்துக்கொண்டிருந்தார். மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாராம். அங்கேயும் நெட் கிடையாது. புதிதாக எழுதும் பக்கெல்லாம் பட்டியலில் எல்லாவற்றுக்கும் அடியில் போய் விழுகிறது என்று எழுதியிருந்தார். பதில் இல்லாததால் இரண்டு வாரம் கழித்து, ‘யாராவது இருக்கிறீர்களா?’ என்று கேட்டிருந்தார். நிரலைத் திறக்கப் போன கையை நிறுத்தினேன். மூன்று ஆடுகள் நினைவுக்கு வந்தன. ‘இருக்கிறேன், தாமதத்துக்கு வருந்துகிறேன். முதலில் உங்கள் கணினியில் தேதி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறீர்களா?’ என்று எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. உள்ளே இருக்கும் சிறு பேட்டரி செத்து, கணினி பல வருடம் பின்னால் போய் நின்றிருக்கிறது. நன்றி சொல்லியிருந்தார். கடைசியில், கருவியில் உதவி தேவைப்பட்டால் சொல்லுங்கள், எனக்கும் கொஞ்சம் எழுதத் தெரியும் என்றும் சேர்த்திருந்தார். அவருடைய பழைய பதில்களையெல்லாம் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

உன்னுடையது என்று நீ சொன்ன அந்த மூன்றாவது பக்கை இன்று காலை திறந்தேன். நான் நினைத்ததைவிடச் சின்னதுதான். மதியத்துக்குள் முடித்து, உன் பெயரையும் என் பெயரையும் சேர்த்துப் போட்டு மூடினேன்.

கடைசியாக நம் தாளுக்குப் போனேன். கட்டுச்சோற்றின் வரிசையில் கடைசிக் கட்டம். நீ எழுதியதை அழிக்கவில்லை. அதற்குக் கீழேயே எழுதினேன்:

‘கேட்டேன். மாட்டேங்குறா.
இப்ப சரின்னுட்டா. ஒரு ஆள் பத்தாது, இன்னொருத்தரையும் கேக்கப் போறா.’